ஒரு சைஸ் பெரிசா

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் என் அப்பா கடைக்காரரிடம் முதலில் சொல்வது இதுதான்: "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா குடுங்க." சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும். கால்சட்டையை அரைஞாண் கயிற்றில் செருகிக்கொள்வோம். பள்ளிக்கூடத்து கான்வாஸ் ஷூவின் முனையில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டு போனவர்கள் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. சம்பளம் அவ்வளவுதான், பிள்ளைகளோ ஐந்தாறு.

ஆனால் அதே கணக்கை வண்டி வாங்கும்போதும் போடுகிறோம் பாருங்கள், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன வருஷம் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது மாப்பிள்ளையோடு எனக்கு இருந்த ஒரே மனத்தாங்கல் இதுதான். இருபத்தோரு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதும் அந்த ஒரு தடவைதான்.

மகள் குடும்பம் பிரான்சில் ஒவெர்ஞ் பகுதியில், கிளெர்மோன் ஃபெரான் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புய் த தோம் மலை தெரியும். 1465 மீட்டர் உயரம், எப்போதோ அணைந்துபோன எரிமலை. அதைச் சுற்றிலும் கவிழ்த்து வைத்த சட்டிகள் மாதிரி சின்னச் சின்ன எரிமலைகள் வரிசையாக நிற்கும். ஊரை விட்டு வெளியே போனால் மண் பாதைகள், மேய்ச்சல் நிலங்கள். அங்கே இளசுகள் சனி ஞாயிறுகளில் ஓட்டுவது குவாட் என்கிற நாலு சக்கர வண்டி. நம் ஊர்ச் சுற்றுலாத் தலங்களில் மணலில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுமே, ஏ.டி.வி. என்று எழுதி வைத்திருப்பார்களே, அதேதான். மோட்டார் சைக்கிள் மாதிரி கால் அகட்டி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும்.

பேத்திக்குப் பத்தொன்பது வயது, எடை ஐம்பத்திரண்டு கிலோ. கார் உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. கூடப் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேரிடம் குவாட் இருக்கிறது, தனக்கும் வேண்டும் என்றாள். அந்த நாட்டில் கார் உரிமம் இருந்தால் குவாட் ஓட்டலாம். ஹெல்மெட் கட்டாயம். 2016 நவம்பரிலிருந்து கையுறையும் கட்டாயம். மாப்பிள்ளை இளம் வயதில் மோட்டார் சைக்கிள் பைத்தியமாக இருந்தவர், மகளை விட அவருக்குத்தான் ஆசை அதிகம். மறுநாளே பழைய வண்டி விளம்பரம் ஒன்றைப் பிடித்துவிட்டார். யமஹா ராப்டர் 700. ஐந்து கியர், 686 சி.சி.

"இவ்வளவு பெரிசு எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன்.

"ஓட்ட ஓட்டப் பழகிடும் மாமா. சின்னதா வாங்கினா ஒரு வருஷத்துல அலுத்துப்போயிடும், அப்புறம் வித்துட்டு வேற வாங்கணும். இதுன்னா பத்து வருஷத்துக்கு இருக்கும்."

கான்வாஸ் ஷூவும் பேப்பர் சுருளும் எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டன.

வண்டியைப் பார்க்க எல்லோருமாகப் போனோம். விற்பவர் நல்ல மனிதர், காப்பி கொடுத்தார். பேத்தி ஏறி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார், நான் அவள் கையைப் பார்த்தேன். இரண்டு கைப்பிடிகளையும் பிடிக்க முதுகை முன்னால் வளைத்துக் கையை நீட்ட வேண்டியிருந்தது. குவாடை ஓட்டுகிறவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. இந்த ரக வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டிருக்கும். காரில் வளையும்போது வெளிச் சக்கரம் அதிகமாகவும் உள் சக்கரம் குறைவாகவும் சுற்ற ஏற்பாடு உண்டு. இதில் கிடையாது. அதனால் வண்டி வளையாமல் நேரே போகத்தான் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்கத்துக் கால் மிதியில் ஊன்ற வேண்டும். அப்போதுதான் உள் பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கி வண்டி திரும்பும். இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும், ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும். இடுப்பு நகராத ஆள் ஓட்டினால் ஏறக்குறைய 200 கிலோ இரும்பு தன் இஷ்டத்துக்குப் போகும். எட்டிப் பிடிக்கவே கை போதாதவள் எங்கே நகர்வது?

அடுத்து காகிதம். அரசு வேலையில் முப்பத்து நாலு வருஷம், அதில் பெரும்பகுதி வாகனப் பதிவுப் பிரிவில். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே கை காகிதத்தைத் தேடும். பிரெஞ்சில் படித்ததால் அங்கே எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கார்த் கிரீஸ் என்கிற பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்தேன். நம் ஆர்.சி. புத்தகம் மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். பி.1 என்றால் சி.சி., எஸ்.1 என்றால் இருக்கை. பி.2 என்பது எஞ்சினின் அதிகபட்ச சக்தி. அதில் 15 கிலோவாட் என்று இருந்தது. சாலை அனுமதிக்காக அந்த வண்டிக்கு வைத்திருந்த உச்சவரம்பே அதுதான். ஆனால் விளம்பரத்தில் "தெப்ரிதே" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். கடிவாளம் கழற்றியது என்று அர்த்தம். கம்பெனி சாலைக்காகக் கட்டிப்போட்டிருந்த சக்தியை அவிழ்த்துவிட்டிருக்கிறார். காகிதத்தில் 15, வண்டியில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

"இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தெரியுமா?" என்று விற்பவரிடமே கேட்டேன். சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம், அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை நம்மிடமே வசூலிக்கவும் வரலாம். அவருக்கு அது தெரியும். ஆனாலும் திரும்பி வரும் வழியில், "அதை மறுபடி பழையபடி கட்டிக்கலாம் மாமா" என்றார். ராத்திரி சாப்பாட்டில்தான் நான் குரலை உயர்த்தியது.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை இங்கே எழுதியதில்லை.

1994-இல் என் மூத்த மகனுக்குப் பதினெட்டு முடிந்ததும் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் வாங்கிக் கொடுத்தேன். அதுவரை அவன் ஓட்டியது என் மொபெட்டைத்தான். வளர்ற பிள்ளை என்றேன் நானும். வாங்கிய இரண்டாவது வாரம், "பிக்கப் பத்தலைப்பா, மெக்கானிக் அண்ணன் சைலன்சரை மாத்தி எஞ்சின்ல கொஞ்சம் வேலை பண்ணினா பறக்கும்னு சொல்றார்" என்றான். நானூறு ரூபாய். நான்தான் எண்ணிக் கொடுத்தேன். பகலெல்லாம் ஆபீசில் வண்டியில் மாற்றம் செய்தால் அனுமதி பெற வேண்டும் என்கிற 52-ஆம் பிரிவுக் கோப்புகளைப் பார்க்கிறவன், சாயங்காலம் மெக்கானிக் கடையில் நின்றுகொண்டு பணம் எண்ணினேன். மூன்றாவது வாரம் வில்லியனூர் சாலையில் விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால் அன்றிலிருந்து முழுசாக மடங்காது. அவன் கல்யாணத்தில் மணையில் உட்கார முடியாமல் நாற்காலி போட்டோம். இன்றைக்கும் பந்தியில் எல்லோரும் இலை முன்னால் தரையில் உட்கார்ந்தால் அவனுக்கு மட்டும் ஓரத்தில் ஸ்டூல். அவன் ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளைக்கு இந்தக் கதை தெரியும், நானூறு ரூபாய் மட்டும் தெரியாது. அன்று ராத்திரி அதைச் சொன்னேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் மாப்பிள்ளை, "நீங்க சொல்ற மாதிரியே பார்ப்போம் மாமா, எதை வாங்கறது சொல்லுங்க" என்றார்.

ஆக, எதை வாங்குவது? சின்னதாகப் பார்த்து வாங்கு என்பதும் பதில் இல்லை. 90 சி.சி. குவாடுகள் பிள்ளைகளுக்கானவை. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும், அதுவும் ஆபத்துதான். அமெரிக்காவில் இந்த வண்டிகள் முதலில் மூன்று சக்கரத்தோடு வந்தன. 1970-இல் ஹோண்டா கொண்டுவந்தது. எண்பதுகளில் விபத்துகள் பெருகி, 1988-இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில் மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. 90 சி.சி.க்கு மேற்பட்டது பதினாறு வயதுக்குக் கீழே கூடாது என்ற கணக்கும் அப்போது வந்ததுதான். ஆளுக்கு ஏற்ற அளவு என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

இவள் உயரத்துக்கும் எடைக்கும் 250, 300 சி.சி. சரி என்று பட்டது. அதிலும் கியர் இல்லாதது. மாப்பிள்ளைக்கு இதுதான் கசந்தது. கியர் இல்லாத வண்டி ஸ்போர்ட் வண்டியா என்றார். நான் சொன்னேன்: நம் ஊரில் ஆக்டிவா ஓட்டுகிற பெண்களைப் பாருங்கள், கியரைப் பற்றி நினைக்க வேண்டாத மனசு முழுக்க ரோட்டில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் குவாடுக்குள்ளும் அதே சங்கதிதான். இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட், வேகத்துக்குத் தகுந்த மாதிரி கப்பி விரிந்து சுருங்கும். புதுசாக ஓட்டுபவள் இடுப்பை எங்கே வைப்பது, எடையை எந்தக் காலில் ஊன்றுவது என்று பழக வேண்டிய நேரத்தில் கிளட்சும் கியரும் சேர்ந்தால் எதைக் கவனிப்பாள்? தைவானின் கிம்கோ மாதிரி சில கம்பெனிகள் ஆட்டோமேட்டிக்கில் ஸ்போர்ட் ரகமும் செய்கிறார்கள். தாழ்வான உடம்பு, பின்சக்கர இழுவை, மூட்டை வைக்கும் கம்பிகள் இல்லாதது. ஸ்போர்ட் வேண்டும் என்பது பேத்தியின் ஆசை, அதில் நான் தலையிடவில்லை.

ஆட்டோமேட்டிக்கிலும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கியர் வண்டியில் பயந்துபோனால் கிளட்சைப் பிடித்துவிடலாம், இழுவை நின்றுவிடும். இதில் அந்த வழி இல்லை. குவாடில் ஆக்சிலரேட்டர் முறுக்குவது அல்ல, வலது கட்டை விரலால் அழுத்தும் ஒரு சின்ன நாக்கு. பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவர்கள் கட்டை விரலையும் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். இன்னொன்று, இறக்கத்தில் மெதுவாகப் போகும்போது ஸ்கூட்டர் மாதிரியே எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி சும்மா உருளும் ரகங்கள் இருக்கின்றன. பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். மூன்றாவது, மாப்பிள்ளை மாதிரி பழைய பைக்காரர்களுக்கானது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் குவாடுகளில் இடது கை லீவர் கிளட்ச் இல்லை, பிரேக். ஓட்டிப் பார்க்க ஏறியவர் பழக்க தோஷத்தில் அதைப் பிடித்து, நின்ற வேகத்தில் கைப்பிடியில் நெஞ்சை இடித்துக்கொண்டார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

கடைசியில் 300 சி.சி. ஆட்டோமேட்டிக் ஒன்றை, நாலு வருஷப் பழசு, காகிதமும் வண்டியும் ஒரே பேச்சுப் பேசுகிறதா என்று பார்த்து வாங்கினோம். 2024 ஏப்ரலிலிருந்து அங்கே குவாடுகளுக்கும் கட்டாயப் பரிசோதனை வந்துவிட்டது, அந்தச் சான்றும் இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது மாற்றம் செய்யும் பேச்சு. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பெரிய பட்டியலோடு வந்தான். சைலன்சர், ஏர் ஃபில்டர், பெல்ட் கப்பிக்குள் இருக்கும் ரோலரை எடை குறைந்ததாக மாற்றுவது, கிளட்ச் ஸ்பிரிங்கைக் கடினமானதாகப் போடுவது. அவன் சொன்னதெல்லாம் வேலை செய்யும், அதுதான் சங்கடம். இலேசான ரோலர் போட்டால் எஞ்சின் அதிகச் சுற்றில் ஓடும், வண்டி சீறிக்கொண்டு கிளம்பும். கடின ஸ்பிரிங் போட்டால் கிளட்ச் தாமதமாகப் பிடித்து, பிடிக்கும்போது குதிரை மாதிரி துள்ளும். பழகியவனுக்கு அது விளையாட்டு. ஐம்பத்திரண்டு கிலோ பெண்ணுக்கு அந்தத் துள்ளலில் முதலில் நழுவுவது கைப்பிடி. நான் அவனிடம், இதே ரோலரில் கொஞ்சம் கனமானது கிடைக்குமா என்று கேட்டேன். கனமானது போட்டால் வண்டி சாந்தமாகக் கிளம்பும். என்னை மேலும் கீழும் பார்த்தான். அவன் கடைக்கு அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் சொல்லிச் செய்யவைத்த மாற்றங்கள் வேறு. முதலாவது, கால் மிதிக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் குழாய்ச் சட்டமும் வலையும். சாதாரணமாகப் பார்த்தால் அலங்காரம் மாதிரி இருக்கும். இதில் கால் மிதியிலிருந்து நழுவி மண்ணில் பட்டால் பின்சக்கரம் அதன்மேல் ஏறி ஆளையே இழுத்துக் கீழே போட்டுவிடும், அதைத் தடுப்பது இந்த வலை. எனக்குக் காலைப் பற்றிய எதுவும் முதலில் கண்ணில் படும், என்ன செய்வது. இரண்டாவது, கயிறு சுவிட்ச். ஒரு முனை வண்டியில், மறு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். கட்டை விரல் பயத்துக்கும் ஆள் இல்லாமல் ஓடும் வண்டிக்கும் அது ஒன்றுதான் மருந்து. அடுத்தது கைப்பிடி. கொஞ்சம் பின்னால் தள்ளி உயர்த்தி வைத்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. செலவில்லாத வேலை. ஸ்பிரிங்கும் அப்படித்தான், எண்பது கிலோ ஆளுக்கு இறுக்கி வைத்திருந்ததை இவள் எடைக்குத் தளர்த்தினோம்.

டயர்க் காற்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஸ்கூட்டருக்கு 25, 30 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். குவாட் டயர் பலூன் மாதிரி, மண் பாதையில் 4, 5 போதும். பெட்ரோல் பங்கில் உள்ள மானிக்கு அவ்வளவு குறைந்த அழுத்தம் சரியாகக் காட்டத் தெரியாது. தனியாகக் குறைந்த அழுத்த மானி வாங்க வேண்டும். இடது டயருக்கும் வலது டயருக்கும் இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எக்ஸாஸ்டுக்கு நூற்றுக்கணக்கில் யூரோ செலவு செய்கிறவர்கள் இந்தச் சின்ன மானியை வாங்குவதில்லை. பெரும்பாலான பையன்கள் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு ஏறுகிறார்கள்.

சக்கரத்தை அகலப்படுத்தும் தட்டு போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். அகலம் கூடினால் கவிழ்வது குறையும், உண்மைதான். ஆனால் அதுவும் காகிதத்தில் உள்ள அளவை மாற்றுவதாயிற்றே என்று எனக்குத் தயக்கம். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம். சைலன்சரை மட்டும் தொடவே விடவில்லை. அங்கே 1991-இன் ஒரு சட்டப்படி பொதுப் பாதையை விட்டு வயலிலோ காட்டிலோ வண்டியை இறக்கக் கூடாது. நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் ஏற்கெனவே குவாட்காரர்களை முறைக்கிறார்கள். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கிற சத்தத்தோடு போனால் ஒவ்வொரு ஊராகப் பாதையை மூடச் சொல்லி மனுக் கொடுப்பார்கள். மனு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு ஸ்க்ரூ. கட்டை விரல் நாக்கு இருக்கும் பெட்டியில், அது எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று கட்டுப்படுத்தும் சின்னத் திருகாணி. பல குவாடுகளில் கம்பெனியே வைத்துத் தருகிறது, பெரியவர்கள் முதல் நாளே முழுசாகத் திறந்துவிடுகிறார்கள். எங்கள் வண்டியில் அதைப் பாதிக்கு மேல் உள்ளே திருகி, எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் பேத்தியின் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். சிவப்புப் புள்ளி. அவள் அம்மாவுக்கு அதைக் காட்டிய பிறகுதான் வீட்டில் நல்ல காப்பி கிடைத்தது.

மாப்பிள்ளை பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்தில் இவளுக்கு இந்த வண்டி போதாமல் போகலாம். விற்கும்போது கொஞ்சம் நஷ்டம் வரும். அந்த நஷ்டத்தில் பாதியை என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். தேதியும் கையெழுத்தும் போட்டு.

நான் ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோ அனுப்பினாள். ஒரு மண் பாதை வளைவில் திரும்புகிறாள், உடம்பு உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, வெளிக்கால் மிதியில் அழுத்தமாக ஊன்றியிருக்கிறது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தான். "நல்லா ஓட்டுறாப்பா" என்றான்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "தாத்தா, ஸ்க்ரூவை முழுசா திறந்துடலாமா? அப்பாவைக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றார்."

"அம்மா என்ன சொல்றா?"

"அம்மா அடுப்புல வேலையா இருக்காங்களாம்."

ஒன்றரைச் சுற்று மட்டும் திறந்துகொள், புதுப் புள்ளியைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். ராத்திரியே வந்துவிட்டது. இந்தத் தடவை நீலப் பாலிஷ்.